காற்றுக்குக் கப்பம் கட்டும் ஆட்டம்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக்கில், கியார்வால் என்ற ஓவியரின் பெயர் தாங்கிய கலைக்கூடத்தை அடுத்து விரிந்து கிடக்கும் கிளாம்ப்ராதூன் பூங்காவில், சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடைகள் ஒன்பது, கம்பங்களின்மேல் ஆங்காங்கே நிற்கின்றன. விஷயமறியாத பிரயாணி அவற்றை நவீன சிற்பங்களென்று எண்ணிக் கலைக்கூடத்தின் கணக்கிலே சேர்த்துவிடக்கூடும். அவை டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தின் இலக்குகள். கட்டணமில்லை, காவலில்லை, கையில் ஒரு தட்டிருந்தால் எவரும் பிரவேசிக்கலாம்.

கோல்ஃபில் பந்தைக் குழிக்கு அடிப்பதற்குப் பதிலாக இங்கே தட்டைக் கூடைக்கு எறிகிறார்கள். விழுந்த இடத்திலிருந்தே அடுத்த எறிவு. குறைந்த எறிவுகளில் முடித்தவருக்கு வெற்றி. பிரிஸ்பி தட்டுகளைச் செய்த வாம்-ஓ கம்பெனியில் பணியாற்றிய எட் ஹெட்ரிக் என்பவர், 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தரக் களத்தை அமைத்தபோது வெறும் கம்பங்களே இலக்காயிருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வழக்கு ஓயாமையால், எறிந்ததைத் தாங்கி நிறுத்தும் சங்கிலிக் கூடையை அவர் கண்டுபிடிக்க நேர்ந்தது. 2002இல் காலமான அவருடைய அஸ்தி, அவர் விருப்பப்படியே பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்க்கப்பட்டது. பக்தியென்றால் இதுவன்றோ பக்தி!

கிளாம்ப்ராதூன் போன்ற சிறிய களமென்றால் எளிய களமென்று நினைப்பவர், ஐஸ்லாந்துத் தீவின் காற்றை அறியாதவர். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து விடும் தட்டு, வேகமுள்ளவரை நேராகவோ சற்று வலப்புறம் சாய்ந்தோ சென்று, சுழற்சியும் வேகமும் தளர்ந்தபின் இடப்புறம் இறங்குவது அதன் சுபாவம். எதிர்க்காற்றில் எறிந்தாலோ, தட்டின்மேல் பாயும் காற்றின் வேகம் மிகுவதனால் அது மேலே தூக்கப்பட்டு, வலப்புறமாகவே புரண்டு, எறிந்தவர் கனவிலும் கருதாத புதரில் தஞ்சம் புகும். பின்காற்றிலோ தாங்குதலின்றிச் சீக்கிரமே தாழ்ந்து இடப்புறம் வீழும். ஆகவே, நேற்று மெல்லிய தட்டால் ஒரே எறிவில் அணுகிய கூடையை இன்று கனத்த தட்டால் தாழப் பறக்கவிட்டு அணுகவேண்டியிருக்கிறது. புஜபலத்தை நம்பிய வாலிபன் தோற்க, காற்றை நிதானித்து எறியும் மூதாட்டி வெல்வதற்கு இத்தகைய களத்திலேதான் இடமுண்டு; நெடுந்தூரக் களங்களில் அந்த நியாயம் கிடைப்பது அரிது.

கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் விதி இறுகுகிறது. எறிந்தவர் தட்டு கிடந்த இடத்தைத் தாண்டிக் கால் வைக்காமல், சமநிலையோடு நின்று காட்டவேண்டும். காற்றுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இப்பூங்கா ஆட்டக்காரருக்கென்று வேலியிட்ட நிலமன்று என்பதையும் மறத்தலாகாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும், புல்லில் சாய்ந்து வெயில் காய்வோரும் கடக்கும்வரை எறிபவர் காத்து நிற்கவேண்டும். சிறிய களங்களில் எறிவதைக் காட்டிலும் காத்திருப்பதே மிகுதி என்று சலிப்போரை, என்னளவில், ஆட்டக்காரராகக் கருத மனம் வரவில்லை.

ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் குன்றாமையால் ஆட்டத்துக்கு முடிவுநேரமென்று ஒன்றில்லை. குளிர்காலத்தில் நிலைமை நேர்மாறு: தட்டின்மேல் சிறு விளக்கை ஒட்டி எறிவார்கள், பனிப்பொழிவு மிகுந்த நாடுகளிலோ, தட்டு பனிக்குள் அமிழ்ந்து மறைந்துவிடுமென்று அடிப்புறத்தில் நீண்ட நாடாத் துண்டொன்றை ஒட்டிக்கொள்வதும் உண்டு. வெள்ளைத் தட்டை அப்பருவத்தில் எடுத்து வருபவன், தேடுவதில் பிரியமுள்ளவனாகத்தான் இருக்கவேண்டும்.