கடற்புல்லுக்கு மேலே ஒரு மிதப்பு

கடலுக்குள் எட்டிப் பார்க்க அந்தமானுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், தொண்டியைத் தாண்டிக் காரங்காடு வரும். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா அங்கே உண்டு. அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி, கூடவே ஸ்நார்கெலிங். முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, நீர்மட்டத்தில் மிதந்தபடியே கீழே பார்ப்பதுதான் அது.

பார்க்க வேண்டியது கடற்புல். பாசி அல்ல, வேரும் பூவும் உள்ள தாவரம். ஆவுளியா என்று நம் மீனவர்கள் அழைக்கும் கடற்பசு மேய்வது இதைத்தான். அந்தக் கடற்பசுவுக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது! ஆனால் ஆவுளியா கூச்ச சுபாவி. கண்ணில் படும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஸ்கூபா வேறு சங்கதி. சிலிண்டரைச் சுமந்து ஆழத்துக்குப் போவது. 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். மேலே வரும்போது மூச்சை அடக்கினால் நுரையீரலுக்கு ஆபத்து. ஸ்கூபா முடித்தவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது கழியட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கலங்கிக் கிடக்கும். கிளம்புமுன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள், கடற்புல்லின் மேல் கால் ஊன்றாதீர்கள்.