கேமராவும் கழுவாத கையும்

பூக்கோவைப் படித்த நமக்குக் கேமரா என்றாலே அதிகாரத்தின் கண். நானும் அப்படித்தான் பேசிவந்தேன். நியூயார்க் மாநிலத்தில் நார்த் ஷோர் பல்கலைக்கழக மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 2008-10இல் நடந்த ஆய்வு அதை இடறியது. மருத்துவர்களும் செவிலியர்களும் கை சுத்தம் செய்கிறார்களா என்று அறியக் கைகழுவும் இடங்களை நோக்கிக் கேமரா வைத்தார்கள். முதல் 16 வாரம் அது சும்மா பார்த்தது. சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் 10 சதவீதம்கூடத் தேறவில்லை. 'கண்ணு இருந்தா பயந்துடுவாங்க' என்ற கணக்கு பலிக்கவில்லை. பிறகு, பதிவில் கண்ட அளவை உடனுக்குடன் அவர்கள் கண்ணெதிரே பலகையில் காட்டினார்கள். அடுத்த 16 வாரத்தில் 81.6 சதவீதம்.

ஆக, பார்வை பார்க்கப்பட்டவரிடமே திரும்பும்போதுதான் கை மாறுகிறது. பதிவு நிர்வாகத்தின் அலமாரிக்குள் போனால் தண்டனைக் கோப்பு. வேலை செய்பவர் முன் வந்தால் கண்ணாடி. ஆனா ஒண்ணு மிச்சமிருக்கு. படுக்கையில் கிடப்பவருக்கு அந்தப் பலகை தெரியுமா? கழுவாத கையால் சாகப்போவது அவர்தானே.