படகுத் துறையில் பஞ்சாயத்தின் கடமை

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் பாயும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வட்டார விவசாயிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கர்னல் பென்னிகுக் அவர்களின் முயற்சியால் 1895-ஆம் ஆண்டில் எழுந்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் அளித்து, முல்லையாற்றில் கலந்து, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைச் செழிப்பித்த பின்னர் வைகை அணையைச் சேருகிறது. மலைக்கு அப்பால் தேக்கடியில், அதே நீரின்மேல் உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. கம்பத்திலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் போய்ச் சேரக்கூடிய அவ்விடத்தில், 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் மாலை ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். நம் ஊர்களில் திருமணமான புதிதிலும், பள்ளி விடுமுறையிலும் தேக்கடிக்குப் போகாத குடும்பம் குறைவு. ஆகையால் அச்செய்தியை அயல் மாநிலத்துச் செய்தியாக நாம் கருதுவதற்கில்லை.

கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திற்குச் சொந்தமான ‘ஜலகன்யகா’ என்னும் அப்படகு இரண்டு தட்டுகள் கொண்டது; ஓட்டத்திற்கு வந்து இரண்டு மாதங்களும் நிறைவுறாதது. கரையில் விலங்குகள் தென்பட்டபோது பிரயாணிகள் ஒரே பக்கமாகத் திரண்டனர் என்றும், படகு சாய்ந்து மீளவில்லை என்றும் உயிர் பிழைத்தவர்கள் கூறினர். உயிர்காப்பு அங்கி அவர்கள் உடலில் இல்லை. படகின் அமைப்பிலேயே குறைகள் இருந்தன என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அக்குறைகளுக்குப் பிரயாணிகள் பொறுப்பல்லர். ஆயினும் குறையுள்ள படகு கூட, ஏறியவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தால் பல நாட்கள் தப்பி ஓடிவிடும்; அவர்கள் எழுந்து ஓடும் நாளில்தான் அதன் குறை வெளிப்படும்.

இதன் காரணம் விவசாயிகளுக்கு எளிதில் விளங்கும். அளவுக்கு மீறி உயர வைக்கோல் ஏற்றிய வண்டி சிறு பள்ளத்தில் இறங்கினாலும் குடை சாய்கிறது; அதே எடையுள்ள நெல் மூட்டைகளைத் தாழ அடுக்கிய வண்டி சாய்வதில்லை. படகிலும் பாரம் தாழ இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் படகின் பாரம் மேலே ஏறிவிடுகிறது. ஆளுக்கு 60 கிலோவாகப் பத்துப் பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடினால், 600 கிலோ ஒரு நொடியில் இடம் மாறுகிறது. ஆறு நெல் மூட்டைகளுக்கு மேற்பட்ட அப்பாரத்தை வண்டியின் ஓரத்தில் திடீரென்று எறிவதை ஒத்தது அச்செயல். வண்டிக்காவது ஊன்றி நிற்கத் தரை உண்டு. படகின் விளிம்பு ஒருமுறை நீருக்குள் இறங்கிவிட்டால் உட்புகும் நீரும் தாழ்ந்த பக்கத்திற்கே ஓடிப் பாரத்தைப் பெருக்குகிறது.

வைகை அணையில் மீன் பிடிப்போர் செலுத்தும் பரிசலுக்கும் இது பொருந்தும். முன்னும் பின்னும் இல்லாத வட்ட வடிவமும் தட்டையான அடியும் கொண்ட பரிசல், அனைவரும் அடியில் வட்டமாக அமர்ந்திருக்கும் வரையில் மிகவும் நம்பகமானது. ஒருவர் விளிம்பில் உட்கார்ந்தாலோ, எழுந்து நின்றாலோ அதைப் போல் விரைவாக ஏமாற்றுவதும் வேறில்லை. ஆனி, ஆடி மாதங்களில் இப்பள்ளத்தாக்கில் வீசும் மேல்காற்று அணையின் பரந்த நீர்ப்பரப்பில் எத்தகைய அலைகளை எழுப்பும் என்பதை அம்மீனவர்களே நன்கு அறிவார்கள். அவர்கள் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் நாளில், காசு கொடுக்கிறோம் என்று வற்புறுத்துவோர் தங்கள் உயிருக்கும் அவர்கள் உயிருக்கும் சேர்த்தே விலை பேசுகின்றனர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மக்கள் பிரதிநிதிகள் சிலருடன் ஓர் ஏரியில் படகேறினோம். படகு நடு நீரை அடைந்ததும் நம் குழுவினர் இருவர், புகைப்படத்தில் வெள்ளைச் சட்டை தெரிய வேண்டும் என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றனர். படகோட்டி பணிவுடன், “ஐயா, உட்காருங்கள்” என்றார். “நாங்கள் யார் என்று தெரியுமா, தம்பி?” என்று பதில் வந்தது. படகோட்டி வாயடைத்துப் போனார். உத்தியோகஸ்தராகிய நாமும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கரையேறிய பிறகு சொன்னோம். அதனால் பயன் என்ன? ஊரில் நூறு பேருக்குச் சட்டம் சொல்லும் நிலையில் இருப்பவர்களே படகில் அதனை மீறினால், இருபது வயதுப் படகோட்டிப் பையன் யாரைக் கண்டிப்பான்?

நீரின்மேல் நடந்துகொள்ளும் முறை என்பது பெரிய சாஸ்திரமன்று. பெரும்பகுதி நம் வரப்பு மரியாதையே. மீனவரின் வலை கிடக்கும் இடத்தில் மிதவைக் கட்டைகள் தெரியும்; அவற்றின் குறுக்கே படகைச் செலுத்துவது, விளைந்த வயலில் மாட்டை ஓட்டுவதற்குச் சமம். இயந்திரப் படகு பரிசலுக்கு அருகில் வரும்போது வேகத்தைக் குறைத்து விலகிப் போக வேண்டும்; ஏனெனில் அது எழுப்பும் அலையே பரிசலைக் கவிழ்க்கப் போதும். எதிரெதிரே வரும் இரு இயந்திரப் படகுகள் ஒவ்வொன்றும் தன் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள நீர்வழி விதி. சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாகவே இருக்கும். தேக்கடி போன்ற இடங்களில் கூச்சலிட்டால், நீரருந்த வரும் யானைக் கூட்டம் காட்டுக்குள் திரும்பிவிடும். எதைப் பார்க்கப் போனோமோ அதனையே விரட்டியவர்களாவோம். தின்பண்ட உறைகளை அந்நீரில் வீசுவோர், அதே நீர் தம் வயல் மடைக்கு வருவதை நினைத்துப் பார்க்கட்டும்.

இவற்றை மீறுவோரைத் தடுப்பது யார்? ஒவ்வொரு ஏரியிலும் போலீஸ் படகு நிற்பது நடவாத காரியம். சட்டம் இல்லாமலில்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 282-ஆவது பிரிவு, பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி படகு செலுத்துவதைக் குற்றமாக்குகிறது. அளவுக்கு மீறிய பாரத்துடனோ, பழுதுற்ற நிலையிலோ உள்ள படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவது 284-ஆவது பிரிவின்படி குற்றம். இரண்டுக்கும் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அன்றியும், 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் சோதனையும் வேண்டும் என்கிறது. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் விபத்து நடந்த பின்னரே புரட்டப்படும் ஏடுகள். நடு நீரில் ஒருவரைத் தடுக்க முயன்றால் அந்தத் தள்ளுமுள்ளே படகைக் கவிழ்க்கும். நீர்மேல் காவல் என்பது உண்மையில் கரையில்தான் நடைபெற முடியும். அதுவும் படகின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்.

நமது மாநிலத்திலேயே பழவேற்காட்டில் 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். கேரளத்தின் தானூரில் 2023 மே 7-ஆம் நாள், பொழுது சாய்ந்த பிறகு மிகுதியான ஆட்களுடன் சென்ற இரண்டு தட்டுப் படகு மற்றுமொரு 22 பேரைப் பலி கொண்டது. குஜராத்தில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18-ஆம் நாள் மாண்ட 14 பேரில் 12 பேர் பள்ளிப் பிள்ளைகள். விடுமுறை, திருவிழா, பள்ளிச் சுற்றுலா ஆகியவற்றின் உற்சாகத்தில் கரையில் தலைகளை எண்ண வேண்டும் என்பதே மறந்துபோகிறது.

ஆகவே, கண்மாயிலோ ஆற்றுத் துறையிலோ ஆள் ஏற்றும் படகோ பரிசலோ உள்ள ஊரில் பஞ்சாயத்து செய்யக்கூடியது அதிகச் செலவற்றது. முதலில், அந்நீர்நிலை எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளதோ அதன் அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். படகின் பக்கத்தில், நீர் எதுவரை ஏறலாம் என்பதைக் காட்டும் வெள்ளைக் கோடு ஒன்று தீட்டச் செய்யலாம். கோடு நீருக்குள் மறைந்தால் படகு புறப்படலாகாது. எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் துறையில் பெரிய எழுத்தில் பலகையாக வைக்க வேண்டும். கைக்குழந்தையும் ஓர் ஆளாகவே எண்ணப்பட வேண்டும். ‘குழந்தைதானே’ என்ற சொல்லுக்குத் துறையில் இடமில்லை. குடித்தவரை ஏற்றலாகாது. பொழுது சாய்ந்த பின் ஓட்டம் கூடாது. உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிவித்துக் கட்டிவிட வேண்டும். படகில் குவித்து வைத்த அங்கி யாருக்கும் உதவாது. பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் தனியே வேண்டும். பெரியவர் அங்கி சிறுவனின் தலை வழியே கழன்றுவிடும்.

கணக்குப் பார்த்து ஆள் ஏற்றும் பொறுப்பைப் படகோட்டியிடம் விடாமல், கூலியில் பங்கில்லாத வேறொருவரிடம் ஒப்படைப்பது நலம். வயது முதிர்ந்த உள்ளூர் மீனவர் ஒருவர் இதற்கு மிகவும் ஏற்றவர். அவர் மறுத்த ஆளைத் தலைவர் சிபாரிசு செய்து ஏற்றிவிடும் வழக்கம் ஒருமுறை நடந்தாலும் பலகையைக் கழற்றிவிடலாம். துறையில் நீண்ட மூங்கில் கழி ஒன்றும், வடக்கயிறும், காற்றடைத்த லாரி டியூப்கள் இரண்டும் எப்போதும் இருக்கட்டும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதனைப் பிடித்துக்கொண்டு இருப்பவர், கரைக்கு நீந்த முயல்பவரைவிடப் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்பதைப் படகு புறப்படுமுன் ஒருமுறை உரக்கச் சொல்லலாம். தீயணைப்பு, மீட்புப் பணியினரை அழைக்கும் 101, ஆம்புலன்ஸுக்கான 108 ஆகிய எண்களை அதே பலகையின் அடியில் எழுதிவிடலாம்.

மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் வழக்கமாகக் குடிநீரும் கண்மாய்க் கரையும் பேசப்படுகின்றன. படகோ பரிசலோ உள்ள ஊர்கள், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணை அன்றே மீனவரைக் கலந்து முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, கோடை விடுமுறை தொடங்குமுன் பலகையை நட்டுவிடலாம்.