பெட்டிக்குள்ள இருக்கு மேட்டர்!

எலெக்ட்ரிக் கிடார் வாங்கியாச்சு. ஹாஸ்டல்ல நாலு கார்டு பிடிச்சு சீனும் போட்டாச்சு. அடுத்து? லீவுக்கு வீட்டுக்குப் போய் சொந்தமா ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணணும்... அதானே பாஸ்?

நானும் அந்தக் கனவோடதான் போடி பக்கத்துல இருக்கிற எங்க ராசிங்காபுரத்துக்கு பஸ் ஏறினேன். டிஸ்டார்ஷன் பெடல்ல இருந்து ஒயரை எடுத்து நேரா ஹோம் தியேட்டர்ல சொருகினேன். வந்தது ராக் மியூசிக் இல்லை... தேனீக் கூட்டைக் கலைச்ச சத்தம்! ‘‘என்னப்பா, மிக்ஸி ரிப்பேரா?’’ன்னு எட்டிப் பார்த்தாங்க அப்பத்தா.

காரணம் சிம்பிள். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினா அடங்கிடும். டிஸ்டார்ஷனோட காதைக் குத்துற கரகரப்பு அதுக்கு மேலதான் இருக்கு. ட்வீட்டர் வெச்ச ஹோம் தியேட்டர் அதை அப்படியே கொட்டும். கிடார் ஸ்பீக்கர் வடிகட்டிடும். ஆக, கேபினெட்ங்கிறது வெறும் பெட்டி இல்லை. கிடாரோட பாதி குரலே அதுதான்!

சரி, எதை எடுக்கலாம்?

பெருசா, சின்னதா?

மேடையில நாலு 12 இன்ச் ஸ்பீக்கரோட மலை மாதிரி நிக்குமே, அது வீட்டுக்கு வேண்டாம். மைக்கை ஒட்டி வெச்சு ரெக்கார்டு பண்ணும்போது அது கேட்கிறது பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்பீக்கரைத்தான். அதனால ஒரு 12 இன்ச் போதும். 1964-ல் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ், குட்டி ஆம்ப் ஒண்ணோட ஸ்பீக்கர் பேப்பரை பிளேடால கீறிட்டு வாசிச்ச பாட்டு, பிரிட்டன்ல நம்பர் ஒன்!

திறந்ததா, மூடினதா?

பின்பக்கம் திறந்த பெட்டியில் சத்தம் ரெண்டு பக்கமும் போகும். காத்தோட்டமா இருக்கும், பேஸ் கொஞ்சம் குறையும். க்ளீன் டோனுக்கு அழகு. ஆனா பத்துக்குப் பத்து ரூம்ல பின்சுவத்துல மோதித் திரும்பி வரும். மூடின பெட்டியில் பேஸ் கெட்டியா நிக்கும். ஹெவியா வாசிக்கிற ஆளுன்னா அதுதான். முடிவு பண்ண முடியலையா? ஆசாரிகிட்ட 18 எம்எம் பிளைவுட்ல பெட்டி சொல்லி, பின்பலகையை மட்டும் ஸ்க்ரூவுல கழற்றி மாட்டுற மாதிரி வெச்சுக்கங்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா! எதிரொலி அடங்க, நம்ம போடி இலவம்பஞ்சு மெத்தையைச் சுத்தி நிறுத்துங்க. மைக்கை ஸ்பீக்கரோட நடுவுல வெச்சா கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினா மென்மை. ஒரு இன்ச் நகர்த்தினாலே டோன் மாறும்!

‘ஓம்’ முக்கியம்!

மந்திரம் இல்லீங்க, மின்தடை. 8 ஓம் கேட்கிற ஆம்புக்கு 8 ஓம் ஸ்பீக்கர் கொடுங்க. வால்வு ஆம்பா? ஸ்பீக்கர் மாட்டாம ஆன் பண்ணி வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே புகைஞ்சுடலாம். அதுல சிக்கனம் பார்க்காதீங்க.

பெட்டியே வேண்டாமா?

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரே அடங்கின பிறகு எந்தப் பெட்டியும் தொல்லைதான். அதுக்குத்தான் ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’. ஒரு நிஜ கேபினெட்டும் மைக்கும் சத்தத்தை எப்படி மாத்துதுன்னு அளந்து சேமிச்ச குட்டி ஆடியோ ஃபைல். கம்ப்யூட்டர்ல ஆம்ப் சாஃப்ட்வேருக்குப் பின்னாடி போட்டா, ஹெட்போன்லயே பெட்டி பேசும். இலவசமாவும் கிடைக்குது. ஒண்ணே ஒண்ணு... விரல் பக்கத்துல காத்து அதிர்ற அந்த ‘கிக்’ மட்டும் இருக்காது.

நான் இப்போதைக்கு இந்தக் கட்சிதான். பெட்டிக்குக் காசு சேர்த்துட்டு இருக்கேன். ஸ்டுடியோ இல்லையேன்னு தள்ளிப் போடாதீங்க. 1992-ல் வந்த ‘ரோஜா’ பாடல்கள், ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டின ஸ்டுடியோவில் உருவானவை. அவ்வளவு ஏன், எங்க ஊர்ல இருந்து தேவாரம் தாண்டினா இளையராஜாவோட பண்ணைப்புரம்!

போன வாரம் ரெக்கார்டு பண்ணினதை அப்பத்தா காதுல ஹெட்போன் மாட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுட்டுச் சொன்னாங்க: ‘‘மிக்ஸி சரியாயிடுச்சுப்பா!’’