சொன்ன கதைக்குச் சாட்சி எது?

வடபழனியிலோ வளசரவாக்கத்திலோ ஒரு தயாரிப்பாளரின் அலுவலகம். தொண்டை வறள இரண்டு மணி நேரம் கதை சொல்லி முடிக்கிறார் ஓர் உதவி இயக்குநர். "நல்லாருக்கு தம்பி, சொல்லி அனுப்புறோம்." வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது அவர் கையில் என்ன இருக்கிறது? சொன்ன தேதிக்குப் பதிவு இல்லை. யார் யார் கேட்டார்கள் என்பதற்குத் தடம் இல்லை. பல நேரங்களில் திரைக்கதையே இன்னும் தாளுக்கு வந்திருக்காது. ஒன்றரை வருடம் கழித்து ஏதோ ஒரு டிரெய்லரில் தன் இடைவேளைக் காட்சியைப் பார்த்து அவர் பதறும்போது, வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது: எழுதி வைத்தது எங்கே?

தமிழ் சினிமா வாயால் கதை சொல்லி வளர்ந்த தொழில். சட்டம் எழுத்தைப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் புதியவர்கள் விழுகிறார்கள்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே எழுத்து உங்களுக்குச் சொந்தம். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஆனால் வெறும் கருவுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. இதை உறுதியாகச் சொன்ன வழக்கு ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியருடையது. மாகாண வெறியைப் பற்றி அவர் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை இயக்குநர் மோகன் சேகலிடம் முழுவதுமாக வாசித்துக் காட்டினார். 1956இல் சேகலின் 'நியூ டெல்லி' படம் வந்தது. அதற்கும் மாகாண வெறிதான் கரு. ஆனந்த் வழக்குப் போட்டார். 1978இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: கரு ஒன்றாக இருக்கலாம், அதைச் சொன்ன விதம் வேறு. இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாடக ஆசிரியரை நினைத்து மனம் கனக்கும். ஆனாலும் அதன் நியாயம் புரியாமலில்லை. கருவுக்குச் சொந்தம் கொண்டாட முடிந்திருந்தால், 'பாசமலர்' வந்த பிறகு அண்ணன் தங்கை கதையை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

ஆகவே ஒரு வரியில் சொல்லும் 'ஒன் லைன்' உங்களைக் காப்பாற்றாது. காட்சி வரிசை, பாத்திரங்களின் குணமும் பின்னணியும், திருப்பங்கள் விழும் இடம், வசனம் இவை எழுத்தில் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவு பாதுகாப்பு. முழுதாக எழுதித் தைத்த பிரதியான பவுண்ட் ஸ்கிரிப்ட் இல்லாமல் கதை சொல்லப் போகாதீர்கள் என்று நான் சொல்வது தொழில் நேர்த்திக்காக மட்டும் அல்ல.

எழுதியதற்குத் தேதி வேண்டும். பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியே பதியலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்த பின் ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிவது இன்னொரு வழி. 2018இல் 'சர்கார்' படம் வெளிவருமுன், 2007இல் தான் பதிந்த 'செங்கோல்' கதையோடு அது ஒத்திருக்கிறது என்று ஓர் உதவி இயக்குநர் முறையிட்டதும், சங்கத் தலைவர் கே. பாக்யராஜ் இரண்டையும் படித்து ஒற்றுமை இருப்பதாகச் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். படத்தரப்பு திருட்டை மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் விவகாரம் சமரசமாக முடிந்தது. பதினோரு ஆண்டு பழைய அந்தப் பதிவு இல்லாதிருந்தால் அவர் குரலை யார் கேட்டிருப்பார்கள்? எழுதியதைத் தனக்குத் தானே தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அந்தத் தபால் செலவோடு கொஞ்சம் சேர்த்துப் பதிவே செய்துவிடலாம்.

கரு மட்டும்தான் சொன்னீர்கள் என்றாலும் நீங்கள் முழுக்கக் கைவிடப்பட்டவர் அல்ல. நம்பிக்கையின் பேரில் சொன்னதை, சொன்னவரை விட்டுவிட்டுப் பயன்படுத்துவது தனிக் குற்றச்சாட்டு. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான யோசனையைச் சேனலிடம் சொன்ன சன்டயல் நிறுவனம், ஜீ டெலிஃபிலிம்ஸுக்கு எதிராக 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றதற்கு இதுவும் ஓர் அடிப்படை. ஆனால் நம்பிக்கையின் பேரில் சொன்னேன் என்பதைக் காட்ட ஏதாவது வேண்டுமே. கதை சொல்லிவிட்டு வந்த அன்றே ஒரு வாட்ஸ்அப்: "சார், இன்று மாலை உங்கள் அலுவலகத்தில் இந்தத் தலைப்பில் என் கதையைச் சொன்னேன். பதிவு செய்யப்பட்ட கதை. படம் செய்வது பற்றி நீங்கள் முடிவெடுக்க மட்டும் பகிர்ந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி." பணிவு குறையவில்லை; தேதி, இடம், நோக்கம் மூன்றும் பதிவாகிவிட்டன. போன் மாற்றும்போது இவற்றை அழிக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் தேவைப்படும், மூலக் கருவி கைவசம் இருந்தால் நல்லது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். முதல் படம் என்ற பூரிப்பில், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். உரிமை மாற்றம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது 19ஆம் பிரிவு. வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய. 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று தொடங்கும் வரி இவற்றில் காலம், எல்லை என்ற இரண்டு பாதுகாப்பையும் ஒரே மூச்சில் துடைக்கிறது. அந்த வரிக்கு எதிரே பேனாவை வைத்துக் காலம் என்ன என்று கேளுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த எழுத்து, படத்தோடு திரையரங்கில் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பயன்படும்போது வரும் ராயல்டி பங்கை நீங்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எழுதியவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, விற்ற பிறகும் 57ஆம் பிரிவின்படி உங்களுடையது. 'கதை விவாதம்' என்ற கார்டில் எட்டுப் பெயரோடு ஒன்பதாவதாகப் போய்விடாமல் டைட்டில் கார்டின் சொற்களையே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலைக்காக எழுதியது பெரும்பாலும் முதலாளிக்கே போகும். சொந்தக் கதை இருந்தால், சேருமுன்பே தேதியிட்டுப் பதிந்துவிடுங்கள்.

இப்போது நிறைய இளைஞர்கள் தாங்கள் கற்றதை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் சொல்லித் தருகிறார்கள். மனதாரச் சந்தோஷப்படுகிறேன், பத்து வருடம் டிஸ்கஷனில் உட்கார்ந்தால்தான் தெரியவரும் விஷயங்கள் தேனியில் இருக்கும் ஒருவருக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் தொழில்நுட்பத்தைப் பகிருங்கள், எழுதிக்கொண்டிருக்கும் கதையைப் பகிராதீர்கள். "இந்த ஒன் லைன் எப்படி இருக்கு?" என்று முகநூலில் போட்டது ஊருக்கே போட்ட விருந்து, நம்பிக்கையின் பேரில் சொன்னேன் என்று அப்புறம் வாதாட முடியாது.

உங்கள் பாடக் குறிப்பும் வீடியோவும் உங்கள் படைப்புகளே. யாராவது எடுத்துத் தங்கள் சேனலில் ஏற்றினால் அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் எழுதி இறக்க வைக்கலாம். படக் காட்சியைப் போட்டு விளக்குகிறீர்களா? விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. 'முப்பது விநாடிக்குள் என்றால் பிரச்சினை இல்லை' என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. சேனல் வளர வளர, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் ஸ்கிரிப்டை அனுப்பத் தொடங்குவார்கள். திறந்து படிக்காதீர்கள். நாளைக்கு உங்கள் படத்தில் ஒரு காட்சி ஒத்துப்போனால் மின்னஞ்சல் வந்த தேதி உங்களுக்கு எதிரான சாட்சி. "கேட்காமல் வரும் கதைகளைப் படிப்பதில்லை" என்று சேனல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். படிக்க ஒப்புக்கொண்டால் எழுத்தில் ஒரு புரிதல் போட்டுக்கொள்ளுங்கள்.

சங்க கார்டு வாங்கித் தருகிறேன், ஓடிடியில் பிட்ச் பண்ண வைக்கிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஏமாந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். இணைய வழி மோசடிக்கு உடனே 1930 எண்ணை அழையுங்கள். சொன்னபடி நடத்தாத பயிற்சி வகுப்புக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

கதையே போய்விட்டது என்று தோன்றினால் முதலில் முகநூலில் கொட்டாதீர்கள். இரண்டு ஸ்கிரிப்டையும், அல்லது உங்கள் ஸ்கிரிப்டையும் படத்தையும், காட்சிக்குக் காட்சி பக்கத்தில் பக்கத்தில் வைத்து அட்டவணை போடுங்கள். சங்கத்தில் புகார், வக்கீல் நோட்டீஸ், தேவைப்பட்டால் தடை கேட்டு வழக்கு. ரிலீஸுக்கு முந்தின நாள் வரை காத்திருந்தால் தடை கிடைப்பது கடினம். வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டும் என்பதும் இல்லை. 62ஆம் பிரிவு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். தொலைபேசியில் 15100.