முகத்தைத் திருத்தும் பென்சில்

போகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயத்து இடுகாட்டிலே, 1879ஆம் ஆண்டில் இலங்கையிற் காலமான ஆங்கில மாது ஒருவர் துயில்கின்றார். யூலியா மார்கரெற் கமரன் என்பது அவர் பெயர். 48ஆம் வயதில், மகள் பரிசளித்த கமராவைக் கையிலெடுத்து, மனித முகத்தைப் படம்பிடிப்பதில் உலகப் புகழ் எய்தியவர். 1867இல் அவர் எடுத்த வானியல் அறிஞர் சேர் யோன் ஹேர்ஷலின் படத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறவார். (படங்களை மங்காது நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’வின் தன்மையைக் கண்டவரும் அந்த ஹேர்ஷலே.) கலைந்த வெண்மயிர், நெற்றியில் ஓடும் வரிகள் ஒன்றையும் அம்மையார் மறைத்தாரல்லர். தகட்டின் கறையும் கீறலும்கூட அவருடைய படங்கள் பலவற்றில் அப்படியே கிடக்கின்றன. அக்காலத்துச் சஞ்சிகைகள் அதற்காக அவரைக் கண்டித்தன.

அவரை நினைக்குந்தோறும், நம்மூர்ப் படப்பிடிப்பு நிலையங்களில் ‘ரச்சிங்’ என்று வழங்கிய திருத்தவேலையும் என் நினைவுக்கு வரும். நெகற்றிவில் ஒளியும் இருளும் இடம் மாறியிருக்கும். முகத்திற் கருங்கோடாய் விழவேண்டிய சுருக்கம் அங்கே தெளிந்த கோடாய்த் தெரியும். அதைக் கூரிய பென்சிலால் நிரப்பிவிட்டால், அச்சிடும்பொழுது சுருக்கம் மறைந்துபோம். மிகையான வெளிச்சத்தை அடக்கவேண்டுமாயின் சிறுகத்தியாற் சுரண்டுவர். கை நடுங்குபவனால் ஆகாத வேலை.

இதனை முழுவதும் பொய் என்று நான் தள்ளமாட்டேன். பழைய தகடுகள் நீல ஒளிக்கே பெரிதும் இணங்கின, செம்மையை உணரவில்லை. ஆகவே சிவந்த பரு கரும்புள்ளியாய் விழுந்தது. நம்மவரின் மாநிறம் உள்ளதிலும் கருமையாய் விழுந்தது. கமரா இழைத்த பிழையைப் பென்சில் திருத்திற்று, அது நியாயமே. 1873இல் ஜேர்மானிய அறிஞர் வோகல், சாயமூட்டித் தகட்டின் உணர்வை விரிக்கும் வழியைக் கண்டார். காலப்போக்கில் எல்லா நிறங்களையும் உணரும் பிலிமும் வந்தது. பிழை நீங்கியது, பென்சில் நீங்கவில்லை! கலியாணம் பேச அனுப்பும் படத்திலே பெண்ணின் நிறத்தையே வெளுப்பாக்குகிறார்களே, அது எந்தக் கமராவின் குறை? இன்று கைத்தொலைபேசிகள் பல, நாம் கேளாமலே அந்தத் தொண்டைச் செய்து தருகின்றன.

என் பாட்டனார் இறந்தபொழுது, அடையாள அட்டைக்கு எடுத்த சிறுபடம் ஒன்றே வீட்டில் இருந்தது. அதைப் பெருப்பிக்கக் கொடுத்தோம். வந்த படத்திற் கன்னம் பளிங்குபோல் மினுங்கியது. புருவத்தின்மேல் இருந்த தழும்பைக் காணவில்லை. அம்மம்மா நெடுநேரம் பார்த்தார். “ஆர் மோனை உவர்? நல்ல வடிவாத்தான் இருக்கிறார்” என்றார். படத்தைச் சுவரில் மாட்டினோம். அவர் நாள்தோறும் அதற்கு விளக்கும் ஏற்றினார். ஆயினும் அந்தச் சிறுபடத்தைத் தம் கொட்டைப்பெட்டியிலிருந்து கடைசிவரை எடுக்கவில்லை.

ஒரு கிழமையில் மறையப்போகும் பருவை நீக்குங்கள்; தூசியைத் துடையுங்கள்; எனக்கு வழக்கில்லை. தழும்பையும் மறுவையும் முதுமையின் வரிகளையும் தொடுவதானால், முகத்துக்கு உரியவரை ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். இறந்தவரை எவ்வாறு கேட்பது?

கமரன் அம்மையார் 1878இல் களுத்துறையிற் குடியானவர் சிலரைப் படம்பிடித்தார். அவர்களுள் ஒரு சிறுமிக்கு வயது 12. ஒரு கிழவர் தாமே அவளுடைய தந்தை என்றும் தமக்கு வயது 100 என்றும் சொன்னதாக அம்மையார் குறித்து வைத்திருக்கின்றார். அந்தப் படம் நம்மூர் ரச்சிங்காரர் கையில் அகப்பட்டிருந்தால், கிழவரை நாற்பது வயதினராக்கித் தந்திருப்பார்கள். சிறுமியின் தந்தையென்று எவரும் ஐயமின்றி நம்பியுமிருப்பர்.