இருளில் நம்மை அறிவிக்கும் மேலங்கி



பிரான்சில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சைக்கிள் பயணம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தூரமுடையது. இரவில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணிந்தே அதில் செல்ல வேண்டும். ஊருக்கு வெளியே இரவில் சைக்கிள் ஓட்டும் எவருக்கும் 2008 முதல் அந்நாட்டுச் சட்டமும் அதுவே.

நம் இளைஞர்களும் இன்று நெடுந்தூரம் செல்கின்றனர். மேலங்கியின் பளிச்சிடும் மஞ்சள் நிறம் பகலுக்கே உதவும். இரவில் காப்பவை அதிலுள்ள வெள்ளிநிறப் பட்டைகளே. அவை வண்டி விளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகின்றன. எனவே தோள்களிலும், உடலைச் சுற்றிலும் பட்டை அமைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

நின்றபடி அளவு பார்க்காதீர்கள்; சைக்கிளில் குனிந்து அமர்ந்து பாருங்கள். முதுகுப் பட்டை சுருங்கலாகாது. தோள்பை அதை மறைக்கலாகாது. நுனி சக்கரத்தருகே தொங்கலாகாது. பின்னர் இருட்டில் ஒருவர் இருபது அடி பின்னால் நின்று, கண்ணருகே டார்ச்சைப் பிடித்துப் பார்க்கட்டும். துவைத்துத் துவைத்து மங்கிய பட்டையாயின் மாற்றிவிடுங்கள். பின்விளக்கும் அவசியமே, மேலங்கி அதற்கு ஈடாகாது.

விடியுமுன் மகனை வழியனுப்பும் பெற்றோரே! அந்த ஒரு நிமிடச் சோதனையை நீங்களே செய்துவிடுங்கள்.